கம்பவுண்டருக்கு ஒரே வரி

அன்று சனிக்கிழமை, காலை பத்தரை மணி. உத்திரமேரூர் கடைவீதியில் ஜெயப்பிரியாவின் தையல் கடையில் மூன்று பேர் இருந்தார்கள். ஜெயப்பிரியா தன் மெஷினுக்குப் பின்னால், முக்காலியில். ரிட்டயர்டு பஸ் கண்டக்டர் சாம்சன், துணி வெட்டும் மேஜையின் ஓரத்தில் ஒரு காலைத் தொங்கவிட்டபடி. தாலுகா ஆபீசில் முப்பத்திரண்டு வருஷம் கடிதம் எழுதியே தேய்ந்த பாண்டுரங்கன், வாசலோரம் பிளாஸ்டிக் நாற்காலியில், மடியில் பரீட்சை அட்டையோடு. நாலாவது ஆளான லைன்மேன் வெங்கடேசன் உட்காரும் சுவரோரத்தில் இப்போது ஓவர்லாக் மெஷின் நின்றது.

வெங்கடேசன் ஓசூரில் மகள் வீட்டில் இருந்தார். மனைவி இறந்து பதினாலு மாதம் ஆகியிருந்தது. போனை எடுப்பதில்லை. ஒரு காலத்தில் கரண்டு கம்பத்தடியில் உட்கார்ந்துகூடப் படித்த மனுஷன், பேப்பரைக்கூடத் தொடுவதில்லையாம். மகள் தமிழ்ச்செல்வி முந்தாநாள் பாண்டுரங்கனிடம் போனில் அழாத குறையாகப் பேசினாள். "சித்தப்பா, நீங்க ஒரு புக் அனுப்புங்க. நீங்க சொன்னா படிப்பாரு."

அந்த நம்பிக்கைக்கு ஒரு பழைய காரணம் இருந்தது. மாத நாவல்கள் பஸ் ஸ்டாண்டு கடைகளில் கிளிப் போட்டுத் தொங்கிய நாட்களில், சாம்சன் காஞ்சிபுரம் டிரிப்பில் கொலைக்கதை ஒன்றை வாங்கி வருவார். ரத்தம் சொட்டும் கத்தி இல்லாத அட்டையை அவர் தொடவே மாட்டார். முதலில் படிப்பது பாண்டுரங்கன். படித்துவிட்டு ஒரு பக்கத்துக்குச் சிபாரிசுக் கடிதம் எழுதிப் புத்தகத்துக்குள் வைப்பார். பிறகு ஜெயப்பிரியா, கடைசி அத்தியாயத்தைக் கண்ணால் பாராமல், ஊசி நூலால் ஓரத்தைத் தைத்து மூடுவாள். தான் ஊகிக்கிற கொலைகாரன் பெயரைச் சீட்டில் எழுதிப் பட்டன் டப்பாவில் போட்ட பிறகுதான் யாரும் நூலை வெட்டலாம். சாணித்தாள் வாசனையும் மெஷின் எண்ணெய் வாசனையும் கலந்த அந்த மத்தியானங்களை நினைத்தால், பாண்டுரங்கனுக்கு இன்றைக்கும் மூச்சு ஒரு கணம் இனிக்கும்.

"படிங்கண்ணா, கேப்போம்" என்றாள் ஜெயப்பிரியா, ஊசியில் சிவப்பு நூலைக் கோத்துக்கொண்டே.

பாண்டுரங்கன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, இப்போது அனுப்பப்போகிற நாவலுக்குத் தான் எழுதிய சிபாரிசுக் கடிதத்தைப் படித்தார். மலைமேல் ஏலக்காய் எஸ்டேட். முதல் பக்கத்திலேயே முதலாளியின் மனைவி செத்துக்கிடக்கிறாள்.

"யோவ்!" சாம்சன் மேஜையிலிருந்து இறங்கிவிட்டார். "பொண்டாட்டி செத்தவனுக்குப் பொண்டாட்டி செத்த கதையா? உனுக்கு இன்னா, மூள கீள கொழம்பிப் பூட்சா?"

"ஆறுதல் சொல்ற புஸ்தகம் இதுவரிக்கும் பதினோரு பேரு குடுத்துக்கீறாங்களாம் சாம்சா. ஒண்ணையும் அவன் பிரிக்கல. எல்லாரும் அவன ஒடம்பு சரியில்லாதவன் மாதிரியே நடத்தறாங்க. நாமளாவது பழைய வெங்கடேசனுக்கு அனுப்புவோம்."

சாம்சன் திரும்ப மேஜையில் ஏறி உட்கார்ந்தார்.

பாண்டுரங்கன் தொடர்ந்தார். சந்தேகப்பட வேண்டியவர்களை வழக்கம்போல நம்பர் போட்டு எழுதியிருந்தார். ஒன்று, மேனேஜர். இரண்டு, ஜீப் டிரைவர். மூன்று, கம்பவுண்டர். நாலு, சமையல்காரி. ஐந்து, முதலாளியின் தம்பி. முடித்துவிட்டுப் பாராட்டுக்குக் காத்திருப்பவர்போல நிமிர்ந்தார்.

ஜெயப்பிரியா ஊசியைக் கீழே வைத்தாள். "கம்பவுண்டர்தானே?"

"இன்னாது?"

"மத்தவங்களுக்கு மூணு மூணு வரி எழுதிட்டு, கம்பவுண்டருக்கு மட்டும் ஒரே வரி. 'அமைதியானவர்.' அவ்ளோதான். நான் இன்னும் படிக்கவே இல்லண்ணா, எனக்கும் போச்சு!"

பாண்டுரங்கனின் காது மடல் சிவந்தது. பழைய வியாதி. கொலைகாரனைக் காட்டிக் கொடுத்துவிடுவோமோ என்ற பயத்தில் அவனைப் பற்றிக் குறைவாக எழுதுவார். அந்தக் குறைவே காட்டிக் கொடுத்துவிடும். அன்றெல்லாம் இதைக் கண்டுபிடிக்கிறவர் வெங்கடேசன்தான். புத்தகத்தைப் பிரிக்காமலே, கடிதத்தை மட்டும் படித்துவிட்டு, ஏணியைத் தோளில் மாட்டிக்கொண்டு சைக்கிளில் தாலுகா ஆபீஸ் ஜன்னலுக்கே வந்துவிடுவார். "பாண்டு! தோட்டக்காரன்தானே? பேமானி, என் புஸ்தகத்தக் கெடுத்துட்டியேடா!" தாசில்தார் தலை நிமிர்ந்து பார்க்கும் வரை திட்டுவார். அந்த முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம் இருக்கும்.

"வேற எழுதுங்க" என்றாள் ஜெயப்பிரியா.

எழுதினார். கம்பவுண்டருக்கும் மூன்று வரி கொடுத்தார், டிரைவரிடமிருந்து ஒன்றைப் பிடுங்கித் தம்பிக்குப் போட்டார். இரண்டாம் முறை படித்துக் காட்டியபோது, விஷயம் தெரிந்த ஜெயப்பிரியாவாலேயே குறை சொல்ல முடியவில்லை. "இப்ப கரெக்டு" என்று சொல்லிவிட்டு அவள் கடைசி அத்தியாயத்தைத் தைக்க உட்கார்ந்தாள்.

பாண்டுரங்கன் இரண்டு தாள்களையும் அட்டையில் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தார். புதுக் கடிதம் சுத்தமாக இருந்தது. அதைப் படித்தால் வெங்கடேசன் என்ன செய்வார்? நல்லா எழுதிக்கீறான் என்று மடித்து, அந்தப் பதினொன்றோடு பன்னிரண்டாவதாக வைத்துவிடுவார்.

சுத்தமானதைச் சட்டைப்பையில் போட்டார். முதல் கடிதத்தை உறைக்குள் நுழைத்தார்.

"அண்ணா, தப்பானத வெக்கிறீங்க."

"தெரிஞ்சிதாம்மா வெக்கறேன்."

"அப்புறம் நான் எதுக்குத் தைக்கிறேன்? புஸ்தகமே பாழு!"

"பாழாவட்டும். கம்பவுண்டருன்னு கண்டுபுடிச்சிட்டான்னா, என்னைத் திட்டாம அவனால இருக்க முடியாது. திட்டணும்னா போன எடுத்துதானே ஆவணும்?"

சாம்சன் மேஜையிலிருந்து இறங்கி வந்தார். "கண்டுபுடிக்கலன்னா?"

அந்தக் கேள்வி பாண்டுரங்கனுக்குள்ளும் இருந்தது. பதினாலு மாதம் எதையும் படிக்காத கண் ஒற்றை வரியைக் கவனிக்குமா? கவனித்தாலும், கத்தத் தோன்றுமா? தைத்து முடித்த புத்தகத்தை ஜெயப்பிரியா நீட்டினாள். முடிச்சை வழக்கத்தைவிட இறுக்கமாகப் போட்டிருந்தாள்.

போஸ்ட் ஆபீஸ் பன்னிரண்டரைக்குள் போனால்தான் வேலை ஆகும் என்று மூவருமே கடையைச் சாத்திக்கொண்டு நடந்தார்கள். கவுன்ட்டரில் இருந்த பெண் இன்னும் வாய் ஒட்டாத பார்சலைத் தராசில் வைத்தாள்.

"உள்ள இன்னா சார்?"

"புஸ்தகம்மா. கூட ஒரு லெட்டரு."

"லெட்டர ஒட்டவே இல்லியே."

பாண்டுரங்கன் உறையை வெளியே எடுத்தார். சட்டைப்பைக்குள் மற்றக் கடிதம் மடிந்து கிடந்தது. மாற்றுவதானால் இப்போது மாற்றலாம். சாம்சன் தொண்டையைக் கனைத்தார். பாண்டுரங்கன் கவுன்ட்டர் மேலிருந்த பசையை விரலால் தொட்டு, உறையின் வாயில் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரே சீராகத் தடவி, உள்ளங்கையால் அழுத்தி ஒட்டினார். அதைப் புத்தகத்துக்குள் வைத்தார். அந்தப் பெண் மேலே பிரவுன் டேப்பைச் சுற்றி, ஸ்டிக்கரை ஒட்டி, பின்னால் திறந்திருந்த சாக்குப் பைக்குள் பார்சலைப் போட்டாள்.