ரேச்சல் ஆபீஸ்ல இருந்து

கச்சிபௌலியில் வேலை பார்க்கும் சங்கருக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் ஊர் சுற்றிச் சாப்பிடுகிற நாள். யாரிடமும் ஓட்டல் பெயர் கேட்க மாட்டான். பைக்கை எங்காவது நிறுத்திவிட்டு மூக்கு போகிற பக்கம் நடப்பான். அன்று சனத்நகரில், பட்டறைகளெல்லாம் பூட்டிக் கிடந்த ஒரு தெருவில், தால்ச்சா வாசனை அவனை இழுத்தது. ஆட்டெலும்பும் பருப்பும் புளியும் சேர்ந்து கொதிக்கிற வாசனை.

அது ஒரு சின்ன ஹாலிலிருந்து வந்தது. வாசலில் இருந்த பேனர் தெலுங்கில் இருந்தது. அவனுக்குப் படிக்கத் தெரியாது. கல்யாணமாக இருக்கும், கூட்டத்தோடு கூட்டமாக உட்கார்ந்தால் யார் கேட்கப் போகிறார்கள் என்று உள்ளே போனான்.

யாரும் கேட்கவில்லை. பட்டை, ஏலக்காய் தாளித்த பகாரா சோற்றின் மேல் தால்ச்சா ஊற்றினார்கள். முதல் வாயிலேயே கண்ணை மூடிக்கொண்டான். தட்டைப் படம் எடுத்தான். பரிமாறியவரைக் கூப்பிட்டு எலும்பாகப் பார்த்து இன்னும் ரெண்டு போடச் சொன்னான். மஜ்ஜையை உறிஞ்சியபடி நிமிர்ந்தபோதுதான் மேடை கண்ணில் பட்டது. மாலை போட்ட படத்தில் ஒரு பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் மெழுகுவத்தி எரிந்தது.

எழுந்துவிடலாம் என்று நினைப்பதற்குள் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் எதிரே வந்து உட்கார்ந்தார். அந்தப் பெண்ணின் கணவர், சாம்ராஜ்.

“ரேச்சல் ஆபீஸ்ல இருந்தா வந்தீங்க?” என்று அந்த ஊர் இந்தியில் கேட்டார்.

இல்லை என்று சொன்னால் போதும். எலும்பைக் கையில் பிடித்துக்கொண்டு அதைச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. “ஆமா சார்” என்றான்.

சாம்ராஜ் நாற்காலியை நெருக்கிப் போட்டுக்கொண்டார். மல்லாபூர் கம்பெனியில் அவருக்குக் காலை ஷிப்டாம். மனைவி வேலைக்குக் கிளம்புவதைக்கூடப் பார்த்ததில்லையாம். அவளும் ஆபீஸைப் பற்றி வீட்டில் பேச மாட்டாளாம். அங்கிருந்து யாராவது வருவார்கள் என்று காலையிலிருந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாராம்.

“அங்க எப்படி இருப்பா? சொல்லுங்க. எனக்கு ஒண்ணுமே தெரியாது.”

சங்கருக்குச் சாப்பாட்டைத் தவிர வேறு எதுவும் தோன்றவில்லை. மத்தியானம் டப்பாவைத் திறந்தால் எல்லாருக்கும் கொடுத்துவிட்டுத்தான் அவங்க சாப்பிடுவாங்க என்றான்.

சாம்ராஜுக்குக் கண் நிறைந்துவிட்டது. “ஹவ், ஆமா, அவ அப்படித்தான்,” என்றார். மகள் ஸ்வீட்டியைக் கூப்பிட்டு, அதை அவளுக்கும் சொல்லச் சொன்னார். சங்கர் அதே பொய்யை இன்னும் கொஞ்சம் கூட்டிச் சொன்னான். அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கை கழுவிவிட்டு நழுவியவனை அவள் கேட்டருகே நிறுத்தினாள்.

“அம்மா டப்பாவே எடுத்துட்டுப் போகமாட்டாங்க. கேன்டீன்லதான் சாப்பாடு. நீங்க யாரு?”

அவன் உள்ளதைச் சொன்னான். தால்ச்சா வாசனைக்கு வந்தேன் என்றான். அவரிடமே போய் மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன் என்று திரும்பினான்.

“நக்கோ, வேண்டாம்,” என்றாள். “சாப்பிட வந்தீங்கன்னு சொல்லியிருந்தா அப்பாவே உக்காரவச்சு இன்னும் போட்டிருப்பாரு. இப்பப் போய் இல்லைன்னு சொல்லாதீங்க. அவர் இன்னைக்குத்தான் வாயத் திறந்து பேசுறாரு.”

உள்ளே சாம்ராஜ் ஒவ்வொரு மேசையாகப் போய்ச் சொல்லிக்கொண்டிருந்தார். ரேச்சல் டப்பா திறந்தால் ஆபீஸே கூடிவிடுமாம். சங்கர் சொல்லாததெல்லாம் அதில் சேர்ந்திருந்தது. கேட்டை மூடிவிட்டு ஸ்வீட்டி உள்ளே போனாள். அவன் தட்டின் படத்தை அழித்தான். பைக்கை எங்கே விட்டோம் என்று பிடிபடாமல் அந்தத் தெருவையே ரெண்டு தடவை சுற்றினான்.

மறுநாள் ஆபீஸில், நேற்று எங்கே சாப்பிட்டாய் என்று வழக்கம்போலக் கேட்டார்கள். எங்கும் போகவில்லை, ரூமிலேயே இருந்துவிட்டேன் என்றான்.