கிரேன் மறைத்த மாத்திரை

கிடங்கில் அவனைக் கிரேன் என்றுதான் கூப்பிடுவார்கள். சிமெண்ட் மூட்டை இரண்டை ஒரே தூக்கில் தோளேற்றுகிறவன். அந்தப் பேருக்குப் பங்கம் வந்துவிடக் கூடாதென்று, ரத்தத்தில் கொழுப்பு கூடிப்போனதற்கு டாக்டர் கொடுத்த மாத்திரையை வீட்டிலேயே ஒளித்து ஒளித்து விழுங்கிவந்தான். பெண்டாட்டிக்கு மட்டும் தெரியும்.

மழைக்காலத்தில் நெஞ்சில் சளி கட்டியது. மச்சான்தான் கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போனான். பெண்டாட்டிக்கு அண்ணன், கூடவே மூட்டை தூக்குகிறவன், வாய் கொஞ்சம் நீளம்.

"வேற ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா?" என்று அங்கிருந்த டாக்டர் கேட்டார்.

"மாப்ளயா? தலைவலிக்கே தைலம் தடவ மாட்டாரு சார். மாத்திரை போடுற ஆளுங்களத்தான் நாங்க கிடங்குல ஓட்டு ஓட்டுன்னு ஓட்டுவோமே" என்று மச்சான் முந்திக்கொண்டான்.

கிரேன் வாயைத் திறந்தான். மச்சான் சிரித்துக்கொண்டு நின்றான்.

"இல்லைங்க" என்றான்.

சளிக்கு ஆன்டிபயாட்டிக் எழுதிக் கொடுத்தார். அதையும் கொழுப்பு மாத்திரையையும் சேர்த்தே விழுங்கினான். சளி இறங்கியது. தொடையில் வலி ஏறியது.

உடம்பு பிடித்துக்கொண்டால் உட்காரக் கூடாது, சுமையேற்றித்தான் வலியை உடைக்க வேண்டும் என்பது கிடங்கு வைத்தியம். "உக்காந்தா துருப்புடிச்சிரும் கிரேனு" என்று மச்சானே மூட்டையை ஏற்றிவிட்டான். பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தான். மூத்திரம் பால் விடாத தேநீர் நிறத்தில் போனது. தண்ணீர் குடிக்காத கோளாறு என்று விட்டுவிட்டான். ஒரு காலையில் கட்டிலைவிட்டு எழ முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் பெண்டாட்டி இரண்டு மாத்திரை அட்டைகளையும் மேசைமேல் வைத்தாள். டாக்டரம்மா அதில் ஒன்றை எடுத்துக் காட்டினார்.

"இந்த ஆன்டிபயாட்டிக், கொழுப்பு மாத்திரைய உடம்ப விட்டுப் போக விடாது. ரத்தத்துல அது தேங்கித் தசையக் கரைச்சிருக்கு. கரைஞ்சது கிட்னிக்குப் போயிருக்கு. முதல்லயே சொல்லியிருந்தா வேற மருந்து குடுத்திருப்பாங்க. இதுல மூட்டை வேற தூக்கியிருக்கீங்க."

"கிட்னி சரியாயிருமாம்மா?" என்றாள் பெண்டாட்டி.

"இப்போதைக்கு மெஷின் வச்சு ரத்தத்தைச் சுத்தம் பண்ணுவோம். அப்புறம் பாக்கலாம்."

டாக்டரம்மா போனதும் மச்சான் கட்டிலோரம் வந்தான். "ஏன் மாப்ள அன்னைக்கே சொல்லல?"

"நீ பக்கத்துல நின்னியே மச்சான்."



மெஷின் அறைக்குக் கொண்டுபோகத் தள்ளுவண்டி வந்தது. மாற்றிப்போட ஆள் வரவில்லை. மச்சான் குனிந்து அவனை இரண்டு கையாலும் அள்ளினான்.

"பாத்து மச்சான். கனம்."

கனமே இல்லை. மச்சான் அதைச் சொல்லவில்லை.