பொதுவா, தனியா என்று கொழுந்தன் கேட்டபோது

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை பிறந்தது பெரிய தரிசனம் எதிலும் அல்ல, என் கைப்பேசியில். எனக்கென்று ஒரு வாசகர் குழு தொடங்கினேன். பெயர் வைத்தேன், கன்னத்தில் கை வைத்த படம் ஒன்று போட்டேன். அப்போது அது கேட்டது: பொதுக் குழுவா, தனிக் குழுவா? பொது என்றால் உள்ளே நடப்பதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், கேட்கலாம். தனி என்றால் கதவைத் தட்டி அனுமதி வாங்கித்தான் வர வேண்டும். கூட்டம் நெருக்கியடித்தால் தாங்க முடியாதே என்று பயந்து தனி என்பதை அழுத்தினேன். யாரும் தட்டவில்லை. கூச்சப்படுகிறார்கள் போலிருக்கிறது என்று அதைக் கலைத்துவிட்டுப் பொதுவில் ஒன்று திறந்தேன். இப்போது அதில் இரண்டு உறுப்பினர்கள். ஒருவர் நான். இன்னொருவர், பழைய எண்ணில் இருக்கும் நான்.

"பூட்டலாமா வேண்டாமான்னு இவ்வளவு யோசிக்கிறீங்களே, உள்ள என்ன இருக்கு?" என்றாள் மனைவி. "திருடன் வந்தாக்கூடப் பாவப்பட்டு எதையாவது வெச்சிட்டுத்தான் போவான்."

எழுத்தாளனை அவமானப்படுத்தினால் அவன் கதை எழுத உட்கார்ந்துவிடுவான். அவனுக்கு வேறொன்றும் தெரியாது.

2

மழை ஓய்ந்த அந்த மாலையில், ஜன்னலோரம் நின்று, அவள் தன் மௌனத்தின் –

(வேண்டாம். மழை, ஜன்னல், மௌனம் மூன்றும் ஒரே வரியில் வந்தால் கடையில் சரக்கு இல்லை என்று அர்த்தம்.)

2, மறுபடியும்

அவள் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். முன்பக்கம் அல்ல. அங்கே நன்றாகச் சிரிக்கத் தெரிந்தவர்கள் நின்று, பிரேம்களை எடுத்து மாட்டிவிட்டு, "உங்க முகத்துக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு" என்று எல்லா முகத்துக்கும் சொல்லுவார்கள். இவள் பின்னறையில் லென்ஸைப் பிரேமின் வடிவத்துக்குத் தேய்க்கிறவள். சுழலும் கல்லின் மேல் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும். தேய்ந்த தூள் வெள்ளைக் குழம்பாகக் கீழ்த்தட்டில் இறங்கும். விளிம்பைக் கட்டைவிரலால் ஒரு சுற்றுத் தடவிப் பார்த்து, துடைத்து, பிரேமில் வைத்து அழுத்தினால் 'டக்' என்று உட்காரும். வேலையில் குறை சொல்ல ஆள் இல்லை. ஆனால் வேலை பிடித்துப்போய் அவள் பின்னறைக்கு வரவில்லை. அங்கே யாரிடமும் பேச வேண்டாம் என்றுதான் வந்தாள். அவளுக்குத் திக்குவாய்.*

'த'வில் தொடங்கும் சொல் எதுவானாலும் தொண்டையில் வந்து சப்பணம் போட்டு உட்கார்ந்துகொள்ளும். எழுப்பினால் எழுந்திருக்காது. அதனால் சின்ன வயதிலேயே ஒரு வழி கண்டுபிடித்துக்கொண்டாள்: வராத சொல்லை விட்டுவிட்டு, வருகிற சொல்லைச் சொல்வது. தக்காளி வாங்கப் போய் வெங்காயத்தோடு திரும்புவாள். இறங்க வேண்டிய நிறுத்தத்தின் பெயர் வராமல் அடுத்த நிறுத்தத்துக்குச் சீட்டு வாங்கி, வெயிலில் திரும்பி நடப்பாள். ஒருமுறை தலைவலி என்று சொல்ல முடியாமல் வயிற்றுவலி என்று சொல்லி, அதற்கான மாத்திரையை விழுங்கிவிட்டுத் தலையைப் பிடித்துக்கொண்டு படுத்திருக்கிறாள்.

கேட்கச் சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் தனக்கு வேண்டியதை அவள் வாய்திறந்து கேட்டது குறைவு. வாயில் எது வந்ததோ அதைக் கேட்டாள், கிடைத்ததை வைத்துக்கொண்டு காலம் தள்ளினாள். எனக்கு இது பெரிய அநியாயமாகப் படுகிறது.

* அவள் பேச்சை எப்படி எழுதுவது? "த… த… த…" என்று ஒரு பக்கம் எழுதிப் பார்த்தேன். கிளம்பாத வண்டி உறுமுவது போலிருந்தது. எனக்கே சிரிப்பு வந்துவிட்டது, வெட்கமாகவும் போய்விட்டது. ஆகவே இந்தக் கதையில் எல்லாருடைய பேச்சும் நேராகவே அச்சாகும். நடுவில் போன நேரத்தை நீங்களே சேர்த்துக்கொள்ளுங்கள்.

3

தன்னைப் போன்றவர்களுக்கென்று ஒரு குழு தொடங்க நினைத்தாள். வாரத்துக்கு ஒருமுறை ஆளுக்கொரு பத்தியை வாய்விட்டுப் படித்து, பதிவு செய்து போட வேண்டும், அவ்வளவுதான். கைப்பேசி விஷயத்தில் வீட்டுக்குள் கொழுந்தன்தான் கெட்டிக்காரன். எல்லாவற்றையும் செய்து முடித்துவிட்டுக் கேட்டான்.

"அண்ணி, பொதுவா, தனியா?"

அவளுக்கு வேண்டியது தனி. வாயைத் திறந்தாள். சொல் வழக்கமான இடத்தில் வந்து உட்கார்ந்தது. கொழுந்தன் திரைமேல் விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தான். நல்ல பிள்ளைதான், ஆனால் காலில் வெந்நீர் ஊற்றிக்கொண்டவன். அவன் முகத்தில் இரக்கம் வருவதற்குள் அவள் சொல்லிவிட்டாள்.

"பொது."

"பொதுவா? ஊரே கேக்குமே அண்ணி."

"பரவால்ல."

(தலையை ஆட்டியிருக்கலாமே, விரலால் காட்டியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். திக்காதவர்களுக்குத்தான் இவ்வளவு நல்ல யோசனைகள் வருகின்றன.)

பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று இருந்தாள். 'பிறகு' அவளுக்குச் சிக்கல் இல்லாத சொல். அதற்குள் ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். குழு ஏன் பொதுவில் இருக்கிறது என்ற கதையை அவளே ஒரு பதிவில் சொன்னாள். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஆளுக்கொரு வெங்காயக் கதை அவர்களிடமும் இருந்தது.

4

அப்படி வந்தவர்களில் ஒருவர் எக்ஸ்ரே எடுக்கிறவர். அவர் வேலையில் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். மூச்சை இழுங்க, பிடிங்க, விடுங்க. இழுங்க, பிடிங்க இரண்டும் வழுக்கிக்கொண்டு வரும். 'விடுங்க' நின்றுவிடும். நோயாளி கண் பிதுங்க நின்றுகொண்டிருப்பார். இதைத்தான் அவர் தம்முடைய முதல் பதிவில் சொன்னார். குழுவில் எந்த முடிவையும் எழுதிப்போட்டு எடுக்கக்கூடாது, வாயால் சொல்லித்தான் எடுக்க வேண்டும் என்று விதி கொண்டுவந்தவரும் அவர்தான். வாய்க்காகத்தானே கூடியிருக்கிறோம் என்பார்.

அந்த மனிதர் ஒருநாள் கடைக்குத் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"அக்கா, என்கூட வேலை பாக்கறவங்க என் பதிவுங்களக் கண்டுபிடிச்சிட்டாங்க. சாப்பாட்டு ரூம்ல போட்டுக் கேக்கறாங்க. ஒருத்தன் என்னை மாதிரியே பேசிக் காட்டறான். நல்லாவே பண்றான், அதான் கஷ்டம்."

"உங்களோடத எல்லாம் இப்பவே எடுத்துடறேன்."

"என்னோடத எடுத்தாப் போதுமா? வரிசையாக் கேட்டுட்டு வர்றாங்க. நேத்து உங்களோடது ஓடிச்சு."

அவள் கையிலிருந்த லென்ஸை மேசைமேல் வைத்தாள். முகம் தெரியாத ஆட்கள் சோற்றைப் பிசைந்துகொண்டே தன் குரலைக் கேட்டுச் சிரித்திருக்கிறார்கள்.

"மூடிடுங்க அக்கா. இல்லன்னா நான் கெளம்பறேன். கோவத்துல சொல்லல. நான் அங்க வேலையும் பாக்கணும்ல?"

குழுவிலும் அதையே சொல்லிப் பதிவு போட்டார். அவள் அமைப்புப் பக்கத்தைத் திறந்தாள். 'தனி' என்பதைத் தொட்டதும் ஓர் எச்சரிக்கை வந்தது: ஒருமுறை தனிக் குழுவாக்கினால் மறுபடி பொதுவாக்க முடியாது. (என் குழுவை நான் கலைக்க நேர்ந்ததும் இதனால்தான். ஆராய்ச்சி செய்யாமல் எழுதுகிறேன் என்று இனி யாரும் வாய் திறக்கக்கூடாது.)

அழுத்தியிருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும். அப்போது ஒரு செய்தி வந்தது.

5

அனுப்பியவர் ஒரு டாக்ஸிக்காரம்மா. எழுதியிருந்தது இது:

"நான் உங்க குழுவுல இல்ல. ஆனா எல்லாரோட பேச்சையும் கேக்கறேன். சவாரி இல்லாத நேரத்துல வண்டிக் கண்ணாடிய ஏத்திட்டு, உங்களோட சேந்து நானும் படிக்கறேன். வீட்ல யாருக்கும் தெரியாது. மூடணும்னு ஒருத்தர் சொன்னதக் கேட்டேன். அப்புறம் அனுமதி கேட்டுத்தான் வரணுமாம். கதவத் தட்டற தைரியம் இருந்தா எனக்கு இந்தக் குழுவே தேவைப்பட்டிருக்காதும்மா."

இதுவரை எழுதியதை மனைவியிடம் காட்டினேன்.

"இந்தம்மா என்ன, சரியான நேரத்துல வந்து நிக்கறாங்க? நேத்து வரைக்கும் கதையில இல்லியே."

கையும் களவுமாக மாட்டிக்கொண்டேன். ஆமாம், தராசில் ஒரு தட்டு மட்டும் தாழ்ந்திருந்தது, மறுதட்டில் வைக்க ஆள் தேவைப்பட்டது. அதற்காகத்தான் அவரைக் கூட்டிவந்தேன். திட்டு வாங்கியபின் எடுத்துவிடவும் பார்த்தேன். முடியவில்லை. பூட்டிய வண்டிக்குள் ஒருத்தியைத் தனியே உட்காரவைத்து, வாய்விட்டுப் படிக்கவும் வைத்துவிட்டு, கதைக்கு நீ வேண்டாம், இறங்கு என்று எந்த முகத்தோடு சொல்வது?

"சரி, ரெண்டு குழு வெச்சா என்ன?" என்றாள் மனைவி. "ஒண்ணு தெறந்தது, ஒண்ணு மூடினது."

நியாயமான யோசனை. நியாயமான யோசனைகளால் எத்தனையோ கதைகள் செத்திருக்கின்றன. ஆனால் அப்படி வைத்தால் எல்லாரும் மூடினதற்குள் போய்விடுவார்கள். திறந்ததில் கேட்பதற்குக் குரல் இருக்காது. டாக்ஸிக்காரம்மா காலி மண்டபத்தின் வாசலில் நிற்பார். லென்ஸ்காரிக்கும் இது தோன்றியது, அவளும் வேண்டாம் என்று விட்டுவிட்டாள். மூடினால் ஒருத்தி வெளியே, மூடாவிட்டால் ஒருவர் வெளியே.

6

முடிவுகள் சில எழுதிப் பார்த்தேன்.

அ. அவள் மூடிவிடுகிறாள். எக்ஸ்ரேக்காரர் நிம்மதியாக மூச்சு விடு– (இந்தச் சிலேடையை எழுதிய கையை உடைக்க வேண்டும்.)

ஆ. அவள் மூடவில்லை. பேசிக் காட்டிச் சிரித்தவன் ஒருநாள் தேடி வந்து, தன் அக்காவும் இப்படித்தான் பேசுவாள் என்று சொல்லித் தேம்பித் தேம்பி அழுகிறான். இதை விலாவாரியாக எழுதினேன், எழுதும்போது கண்ணும் கலங்கியது. மனைவி படித்துவிட்டு, "அழுதது அவனா, நீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

இ. மின்சாரம் போய்விடுகிறது. (கைப்பேசிக்குப் பேட்டரி உண்டு.)

இதற்கு நடுவில் ஒரு சங்கடமும் வந்து ஒட்டிக்கொண்டது. பொதுவா, தனியா என்று அவள் இவ்வளவு பாடுபடுகிறாள். நானோ அவள் தொண்டை, தலைவலி, வெங்காயம் எல்லாவற்றையும் அச்சில் ஏற்றி நடுத்தெருவில் வைத்துவிட்டேன், ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. என் வாசகர்கள் எண்ணிக்கையைப் பார்த்தால் அவள் பத்திரமாகத்தான் இருக்கிறாள் என்பது ஒன்றே ஆறுதல்.

7

ஞாயிற்றுக்கிழமை மதியம், பொதுவா தனியா என்று ஓட்டெடுக்கக் குழு அழைப்பு. கடைக்கு விடுமுறை, சாவி அவளிடம். பின்னறையில் உட்கார்ந்திருந்தாள். கல் ஓடாததால் அறை வேறு யாருடையதோ போலிருந்தது. டாக்ஸிக்காரம்மா உறுப்பினர் இல்லை என்பதால் ஓட்டு இல்லை. எங்கோ நிழலில் வண்டியை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பதாக ஒரு வரி மட்டும் அனுப்பியிருந்தார்.

ஒவ்வொருவராகச் சொன்னார்கள். தனி. பொது. பொது. தனி. சில சொற்கள் உடனே வந்தன. சிலவற்றுக்கு எல்லாரும் காத்திருந்தார்கள். அந்தக் குழுவில் காத்திருப்பது யாருக்கும் பாரமில்லை. கடைசியில் சரிபாதியாக நின்றது. அவள் மட்டும் பாக்கி.

"ஒரு சந்தேகம்," என்றார் எக்ஸ்ரேக்காரர். "பொதுன்னு சொன்னவங்கள்ல எத்தனை பேரு மனசுல இருந்ததச் சொன்னீங்க, எத்தனை பேரு வாயில வந்ததச் சொன்னீங்க?"

அழைப்பு முழுக்கச் சிரிப்பு. அவள் சிரிக்கவில்லை.

அவளுக்கு முடிவு தெரிந்துவிட்டது. கடையின் பூட்டைத் திறக்கும்போதே தெரிந்துவிட்டது. மூட வேண்டுமென்றால் தனி என்று சொல்லியாக வேண்டும், அது வராத சொல். மூட வேண்டாமென்றால் பொது என்றால் போதும், அது ஓடிவரும். ஆனால் அதைச் சொன்னால் அவள் சொன்னாளா, அவள் நாக்கு சொன்னதா என்று யாருக்கும் தெரியாது. முதலில் அவளுக்கே தெரியாது. இன்னொரு தடவை வெங்காயத்தோடு வீட்டுக்குப் போக அவள் தயாராக இல்லை. அப்படியென்றால் 'திறந்தே இருக்கட்டும்' என்று சொல்ல வேண்டும். அதற்கும் அதே எழுத்து. இந்த ஒருமுறை எந்தப் பக்கம் போனாலும் கஷ்டமான வழியில்தான் போவது என்று வைத்துக்கொண்டாள்.

வாயைத் திறந்தாள். சொல் வந்து தொண்டையில் உட்கார்ந்தது.

அழைப்பில் யாரோ வீட்டு மின்விசிறியின் சத்தம் கேட்டது. அவள் வேறு சொல் தேடவில்லை.

"அவசரமில்ல அக்கா," என்றார் எக்ஸ்ரேக்காரர். அவள் சொல்லப்போகும் சொல்லால் தோற்கக்கூடியவர், அவர்தான் அதைச் சொன்னார். "நாங்க இருக்கோம்."

அவள் என்ன சொல்ல வருகிறாள் என்று எனக்குத் தெரியும். எழுதுகிறவன் நான்தானே. சொல்லும் தயார், முற்றுப்புள்ளியும் தயார். அடுத்தவர் வாக்கியத்தை எடுத்து முடித்துவைப்பதுதான் என் பிழைப்பு, அந்த வகையில் நான் பெரிய முந்திரிக்கொட்டை. அம்மா, வாத்தியார், புருஷன், கொழுந்தன், கடைக்காரர்கள் என்று அவளைச் சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் இதைத்தான் செய்தார்கள். அன்பாகத்தான் செய்தார்கள். நான் செய்யப்போவதில்லை. உங்கள் நாக்கு நுனியிலும் இந்நேரம் ஒரு சொல் வந்திருக்கும். தயவுசெய்து அதை விழுங்கிவிடுங்கள். அவளுக்கு உதவி தேவையில்லை.

அவள் பேசிக்கொண்டிருக்கிறாள்.