கண்டெடுத்த துணி

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பிரிக்பீல்ட்ஸ் ஓவியக் கூடத்தில் இருந்தவர்கள் இவர்கள்: கிள்ளான் ஜவுளிக்கடை பீர் முகம்மதாகிய நான், என் மகள் நஸ்ரின், என் தங்கை சுமையா, கூடத்தை நடத்தும் கமலநாதன், எங்கள் கடையின் பழைய வாடிக்கைக்காரரான செந்தூல் ஆசிரியை பவுனம்மாள், இன்னும் ஏழெட்டுப் பார்வையாளர்கள். வேறு எவரும் இல்லை.

நஸ்ரின் ஒட்டுப்படம் செய்கிறாள். காகிதம், துணி, சாயம் எல்லாவற்றையும் ஒரே பலகையில் சேர்த்துப் படமாக்குவாள். அன்று அதைச் செய்துகாட்ட அழைத்திருந்தார்கள். நான் முன்வரிசையில் உட்கார்ந்தேன். எங்கள் வீட்டுப் பெண் சபையில் நிற்கும்போது வீட்டுப் பெரியவன் பின்னால் உட்காருவது முறையல்ல.

பசையில் தண்ணீர் கலந்து பலகையில் தடவினாள். பழைய காலண்டர் தாளைக் கிழித்து ஒட்டி, காலாவதியான வங்கி அட்டையால் காற்றுக் குமிழ்களை ஓரத்துக்குத் தள்ளினாள்.

"கத்திரியால வெட்டினா ஓரம் கோடாத் தெரியும். கிழிச்சா பக்கத்துத் தாளோட கலந்துடும்" என்றாள். எனக்கே விளங்கியது.

பிறகு பையிலிருந்து நீல நூல்சேலை ஒன்றை எடுத்தாள். ரம்லத்தின் சேலை. என் மனைவி இறந்து நாற்பது நாள் கழிந்ததும் அவள் துணிமணிகளைத் தர்மமாகக் கொடுத்துவிட்டோம். இதை மட்டும் மகள் எடுத்து வைத்திருந்தது எனக்குத் தெரியாது. மேசைமேல் படத்தின் விவர அட்டை இருந்தது. அதில் 'காகிதம், சாயம், கண்டெடுத்த துணி' என்று எழுதியிருந்தாள்.

எழுந்து அவளிடம் போனேன்.

"எங்கே கண்டெடுத்தே? நம்ம வீட்டுத் துணி ரோட்டுல கிடந்துச்சா?" குரலை உயர்த்தவில்லை.

"இந்தத் தொழில்ல அப்படித்தான் சொல்வாங்க, அத்தா. படத்துக்குன்னு கடையில வாங்காததுன்னு அர்த்தம்."

"கடையில எடுத்ததுதான். நம்ம கடையில. எடுத்துக் கொடுத்தவன் நான்."

சுமையா என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். "உட்காருங்கண்ணே. எல்லாரும் பார்க்கிறாங்க."

"பார்க்கத்தானே வந்திருக்காங்க."

சேலையை வீட்டுக்குக் கொண்டுபோகத்தான் கை நீட்டினேன். நஸ்ரின் மறுக்காமல் கொடுத்துவிட்டாள்.

"கேட்காம எடுத்தது தப்புதான், அத்தா. கொண்டு போங்க. வெட்ட எனக்கும் கை வரல."

அப்போதுதான் சேலையின் ஓரத்தைப் பார்த்தேன். மூன்று இடத்தில் கத்திரி பட்டிருந்தது. மூன்றும் கோணல். ஒவ்வொன்றும் விரலகலம் போய் நின்றிருந்தது.

சேலையை மேசைமேலேயே வைத்தேன்.

"அட்டையை மாத்து" என்றேன்.

"என்ன எழுத?"

"கிள்ளான் ரம்லத் பீவி உடுத்திய சேலை."

அவள் பழைய வரியை அடித்துவிட்டு அப்படியே எழுதினாள். எழுத்துப்பிழை இல்லாததைப் பார்த்துக்கொண்டு, "எவ்வளவு வேணும்?" என்று கேட்டேன். கடையில் கேட்கிற குரலே வந்துவிட்டது.

"ஒரு முழம் போதும், அத்தா."

"பாய், நீங்க கடையில இதுவரைக்கும் கிழிச்சதைச் சேர்த்தா ஷா ஆலம் வரைக்கும் விரிக்கலாம் லா" என்றார் பவுனம்மாள். கமலநாதன் சிரித்தார். நான் சிரிக்கவில்லை; நானும் சிரித்தேன் என்று சுமையா சொல்கிறாள்.

துணியை முழங்கையிலிருந்து விரல்நுனி வரை அளந்தேன். கோணல்களைத் தாண்டி, கரையில் சின்னதாக ஒரு வெட்டு. நூலோட்டம் பார்த்து இரண்டு கையாலும் இழுத்தேன். நேராக வந்தது. கூடத்தில் அந்தச் சத்தம் மட்டும்தான்.

நஸ்ரின் அந்த ஒரு முழத்தைக் கன்னத்தில் ஒற்றிக்கொண்டு பலகையில் வைத்தாள். வங்கி அட்டையை எடுக்கவில்லை. உள்ளங்கையால் மெல்ல மெல்ல அழுத்தினாள். ஒரு மூலை எழும்பியது. அதை நான் பிடித்துக்கொண்டேன்.

இப்போது கிள்ளானில் ஒரு பேச்சு நடமாடுகிறது. பீர் முகம்மதின் மகள் தாயின் சேலையைச் சபையில் கிழித்தாளாம்; தகப்பன் அவமானம் தாங்காமல் வெளியேறினானாம். மகள் கிழிக்கவில்லை. கிழித்தவன் நான். கூடத்தைப் பூட்டும்வரை அங்கேதான் இருந்தேன்.