கூடத்துக்கு எதிரே ஒரு குழாயடி

என் மகள் வதிசேவா இன்ஜினியருக்குப் படிக்கிறாள். ஃபிஜித் தலைநகர் சுவாவில், பல்கலைக்கழகத்தில், கடைசி வருடம். யாரைப் பார்த்தாலும் இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைப் பேசுவேன். வயிறு எரிகிறவர்களுக்கு எரியட்டும்.

இந்த வருடம் அவர்களுக்கு ஒரு பாடம். ஏதாவது ஓர் ஊருக்குப் போய், அந்த ஊருக்கு வேண்டியதைச் செய்துகொடுத்து, அதிலிருந்தே கற்றுக்கொள்ள வேண்டும். தோற்றால் பட்டம் ஒரு வருடம் தள்ளிப்போகும். வதிசேவா தன் கூட்டாளிகளோடு எங்கள் ஊருக்கே வந்தாள். ஒன்றைக் கேட்டு வருகிறவர்கள் செய்யும் முறைப்படி, இடித்துக் கரைத்துக் குடிக்கிற யங்கோனா வேரை ஊர்த் தலைவர் முன்னால் வைத்தார்கள். பெண்கள் துணி துவைக்க ஆற்றுக்கு நடக்கிறார்களே, ஊர்க் கூடத்துக்கு எதிரே ஒரு குழாயடி கட்டலாமா என்று கேட்டார்கள். "கட்டுங்க, கட்டுங்க" என்று எல்லோரும் கைதட்டினோம்.

கட்டினார்கள். சிமெண்டுத் தரை, துவைக்கும் கல், வரிசையாகக் குழாய்கள். ஈ காக்கா எட்டிப் பார்க்கவில்லை.

அவர்களுடைய ஆசிரியை டாக்டர் மெரேசெய்னி வந்து பார்ப்பதற்கு முந்தின நாள், மகள் என் சமையலறைக்கு வந்தாள்.

"அம்மா, ஏன் ஒருத்தரும் துவைக்க வரல?"

"அடி போடி! ஆம்பளைங்க பூரா கூடத்துல உக்காந்து யங்கோனா குடிக்கிறாங்க. அவங்க எதிர்ல குனிஞ்சு உள்பாவாடையை அலசச் சொல்றியா?"

"இதை அன்னிக்கே சொல்றதுக்கென்ன?"

"விருந்தாளிங்க வேரை வச்சுக் கேக்கறாங்க. முகத்துக்கு நேரா வேண்டாம்னு யாராவது சொல்வாங்களா?"

"நான் விருந்தாளியா?"

"அவங்களோட வந்து அந்தப் பக்கந்தானே உக்காந்தே?"

அவள் முகம் சுண்டிப்போனது. கூட வந்த இசிரேலி என்ற பையன் கெஞ்சினான்: "அத்தை, நாளைக்கு மட்டும் நாலு பேரைத் துவைக்கச் சொல்லுங்க. பாஸாயிடுவோம்."

எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. பெற்ற வயிறல்லவா! "ஊரையே கூட்டிட்டு வரேன்" என்றேன்.

"யாரும் வர வேண்டாம்" என்றாள் வதிசேவா.

மறுநாள் கூடத்தில் தலைவரும் டாக்டரும் முன்னால் இருந்தார்கள். நாங்கள் பெண்கள் கதவோரம். மகள் புதிதாக ஒரு வேர்க்கட்டைக் கொண்டுவந்து தலைவர் முன்னால் வைத்தாள். தப்புச் செய்தவர்கள் மன்னிப்புக் கேட்டு வைப்பது அது.

"துவைக்கிறவங்கள நாங்க கேக்கவே இல்ல. இடம் தப்பு. இடிச்சிட்டு வேற இடத்துல கட்ட அனுமதி வேணும்."

படிப்பு போச்சே என்று நினைத்தேன். அவள் குரல் மட்டும் நடுங்கவே இல்லை. என்ன பெண்ணைப் பெற்றிருக்கிறேன் என்று நெஞ்சு விம்மியது. தலைவர் அந்த வேரைத் தொடாவிட்டால் மன்னிப்பு கிடையாது. வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் தொட்டார். பிறகு கதவுப் பக்கம் திரும்பினார்.

"எங்க வேணும்னு பொம்பளைங்களே சொல்லுங்க."

அந்தக் கூடத்தில் எங்களை யாரும் எதுவும் கேட்டதில்லை. நான்தான் முந்திக்கொண்டேன்: "சீமைப்பலா மரத்துக்குப் பின்னாடி!"

"உன் வீட்டு வாசல்லயா? கெட்டிக்காரிதான்!" என்றாள் பக்கத்து வீட்டு லைசானி. கூடமே சிரித்தது.

டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை. "தண்ணி ஓடட்டும். வந்து பாத்துட்டுத்தான் மார்க்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பிள்ளைகள் விடுமுறை முழுவதையும் அதில் போட்டு, மரத்துக்குப் பின்னால் புதிதாகக் கட்டி முடித்தார்கள். டாக்டர் வந்த காலையில் முதல் குழாய் யாருக்கு என்று எனக்கும் லைசானிக்கும் சண்டை. அவள் என் வாளியை உருட்டிவிட்டாள். நான் அவள் சோப்பைப் பிடுங்கினேன். பின்னால் நின்றவர்கள் எங்கள் இருவரையும் ஏசினார்கள்.

"அம்மா, டாக்டர் பாக்கறாங்க!" என்று மகள் கத்தினாள்.

டாக்டர் சண்டை முடியும்வரைகூடக் காத்திருக்கவில்லை. நின்ற இடத்திலேயே முழு மார்க்கும் போட்டுவிட்டார்.