கை அசையும்வரை பச்சை

யோசிக்கும்போது கை எதற்கு அசைய வேண்டும்? குளிக்கும்போது தீர்ந்த சிக்கல்கள் எத்தனை. ஜன்னலோரம் போய் எதிர்க் கட்டடத்துச் சுவரைச் சும்மா பார்த்துக்கொண்டு நின்றாலே வழி தெரிந்துவிடும். ஆனால் எழுந்து நின்றால், திரையில் என் பெயருக்குப் பக்கத்திலிருக்கும் பச்சைப் புள்ளி மஞ்சளாகிவிடும். மஞ்சளானால் மேலே இருப்பவர்களுக்குத் தெரியும். அப்படித் தெரியும்படி நிரலை எழுதியவளே நான்தான்.

இப்படி நினைத்துக்கொண்டே அவள் விசைப்பலகையில் அர்த்தமில்லாத எழுத்துகளைத் தட்டினாள், அழித்தாள், மறுபடி தட்டினாள். புள்ளி மாறாமல் யோசிக்க அவள் கண்டுபிடித்த வழி இது. பயன்படாமல் கிடக்கும் கணினிகளைக் கண்டுபிடித்து அணைக்கத்தான் அந்த நிரலை எழுதியிருந்தாள். கணினியை அளக்க எழுதியதை ஆளை அளக்க எடுத்துக்கொண்டார்கள். தட்டி அழிக்கும் பழக்கம் இப்போது வீட்டுக்கும் வந்துவிட்டது. நேற்று சாப்பாட்டு மேசையில் மகள் திரையை எட்டிப் பார்த்தாள்.

“என்னம்மா பாஷை இது?”

“ஆபீஸ் பாஷை.”

“உங்கம்மா ஆபீஸ்ல கை நின்னா மூளையும் நின்னுடுச்சுன்னு அர்த்தம்,” என்றான் கணவன், தட்டிலிருந்து தலை நிமிராமல். “அதைக் கண்டுபிடிச்ச மகராசி யாருன்னு கேளு.”

மகள் சிரித்தாள். அவளும் சிரித்தாள். விரல்கள் மட்டும் நிற்கவில்லை.

அலுவலகத்தில் மேலாளர் அவளைக் கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டார். எதைப் பேச ஆரம்பித்தாலும் “என்ன நிலவரம்?” என்று கேட்பதால் அவருக்கு நிலவரம் சார் என்றே பெயர். இன்று அதைக் கேட்கவில்லை.

“அக்காவோட ஃபைலப் பார்த்தீங்களா?”

“பார்த்தேன் சார்.”

பார்க்காதவர் யார். வீட்டிலிருந்தபடி மென்பொருளைச் சோதிப்பவரை ஆபீஸே அக்கா என்றுதான் கூப்பிடும். அவர் பொதுவில் போட்ட கோப்பில் பக்கம் பக்கமாக வெறும் காலி வரிகள். “அக்கா மௌன விரதம்,” என்று குழுவில் கேலி ஓடியது. அவளுக்கு மட்டும்தான் அக்கா காரணத்தைப் போனில் சொல்லியிருந்தாள். “அம்மாவால தானாப் புரள முடியாதேடி. திருப்பிப் படுக்க வெக்கப் போனேன். அதுக்குள்ள மஞ்சளாயிடுமேன்னு என்டர் மேல கரண்டிய வெச்சேன். திரும்பி வந்த பதற்றத்துல அப்படியே சேவ் பண்ணித் தொலச்சிட்டேன்.”

“சிரிச்சுட்டு விட்டுடலாம்னுதான் நெனச்சேன்,” என்றார் அவர். “மேலே விடமாட்டேங்கறாங்க. இன்னும் யார் யார் இப்படி ஏமாத்தறாங்கன்னு தெரியணுமாம். தெரிஞ்சா வேலைய விட்டே அனுப்பிடுவாங்க, அக்காவோட சேர்த்து. நெஜக் கையையும் பொய்க் கையையும் பிரிச்சுக் காட்டற மாதிரி உங்க ப்ரோக்ராம்ல ஒரு பகுதி சேர்த்துடுங்க. ஒரு மத்தியானம் போதும் உங்களுக்கு.”

அவ்வளவுகூட வேண்டாம். ஒரே விசை இடைவிடாமல் அழுந்தினால் ஒரு விதி. அது அக்காவைப் பிடிக்கும். தட்டியதெல்லாம் உடனே அழிந்தால் இன்னொரு விதி. அது அவளையே பிடிக்கும். எழுதாவிட்டால் பக்கத்து நாற்காலிக்காரன் எழுதுவான், சற்று மோசமாக. அந்த அறையில் ஜன்னல் இல்லை என்பதை இத்தனை வருடத்தில் இன்றுதான் கவனித்தாள்.

“அக்கா வேலையில ஏதாவது குறை இருக்கா சார்? போன வெளியீட்டுல நம்ம மானத்தைக் காப்பாத்துனதே அவங்க கண்டுபிடிச்ச தப்புதான்.”

“தெரியும்மா. நானும் மனுஷன்தான். என் புள்ளியையும் ஒருத்தர் பார்த்துட்டுத்தானே இருக்கார்.”

மடிக்கணினியை அவள் பக்கம் திருப்பினார். வெற்றுக் கோப்பு திறந்திருந்தது. “சும்மா நாலு வரி போடுங்க. ஆரம்பிச்சாச்சுன்னு சொல்லிக்கறேன்.”

பழக்கத்தில் விரல்கள் விசைகளின் மேல் போய் உட்கார்ந்தன. அவற்றைப் பார்த்தாள். யாருடையவையோ போலிருந்தன. ஒவ்வொன்றாக எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“நான் எழுதல சார்.”

“டைம் வேணும்னா நாளைக்கு...”

“நாளைக்கும் எழுதல.”

அந்த அறையை அடுத்த கூட்டத்துக்கு எடுத்திருந்தவர்கள் வெளியே வந்து நின்றார்கள். ஒருவன் கண்ணாடியை மெல்லத் தட்டி, மணிக்கட்டைத் தொட்டுக் காட்டினான். மேலாளர் எழுந்திருக்கவில்லை. அவளும் எழுந்திருக்கவில்லை.