ஈரச்சாக்கு

கோடைக்காலத் திருவிழாவுக்கு டிரம்ஸ் வாசிக்க பெங்களூரில் இருந்து ஆள் வருகிறான் என்பதை ராஜேஷ்குமார் போனில்தான் சொன்னான். நேரில் சொல்லத் துப்பில்லை.

"டென்ஷன் ஆகாத சுதா. பெரிய ஸ்டேஜ். புரொஃபஷனலா கேக்குறாங்க."

சுதாராணி போனை வைத்தாள். அவர்கள் குழுவில் டிரம்ஸ் வாசிப்பவள் அவள்தான்.

பள்ளங்கி கிராமத்தில் கேரட் கழுவும் கொட்டகையில் நான்கு வருடமாக மூட்டை தூக்குபவள். கழுவும் மிஷின் உருளை ஒரு சுற்று சுற்றினால் உள்ளே கேரட் மொத்தமும் தொம்மென்று விழும். கரண்டு குறைந்து மிஷின் மெதுவாகும் நாளில் அடுத்த தொம் வருவதற்குள் ஒரு ஈரச்சாக்கை லாரியில் ஏற்றிவிடலாம். அந்த அடியைத்தான் அவள் டிரம்ஸில் வாசித்தாள். ராஜேஷின் கிடாரும் பாட்டும், இருளப்பனின் பேஸ் கிடாரும் அதன்மேல் வந்து உட்கார்ந்தவைதான். குழுவுக்கு 'ஈரச்சாக்கு' என்று பெயர் வைத்ததும் அவளே. அவளுடைய முதல் அடி விழாமல் யாரும் கம்பியைத் தொடக்கூடாது என்று மூவரும் பேசி வைத்திருந்தார்கள்.

ஒரு பாட்டு போன் போனாகப் பரவியது. சென்னை கூப்பிட்டது, கொச்சி கூப்பிட்டது. ராஜேஷுக்குத் தலை கனத்தது. பேட்டிக்குப் பேட்டி, அந்த மெதுவான அடி கொடைக்கானல் மூடுபனியில் இருந்து தனக்குக் கிடைத்ததாக அளந்துவிட்டான். மூடுபனியாம்!

திருவிழா அன்று மத்தியானம் இருளப்பன் கொட்டகை வாசலில் ஜீப்பை நிறுத்தினான்.

"வெரசா வா சுதா. அந்த பெங்களூர் ஆளு ரெண்டு அடிக்கு நடுவுல சும்மா இருக்க மாட்டேங்கான். எதையாச்சும் தட்டிக்கிட்டே கெடக்கான். பாட்டே நாசமாப் போச்சு."

"நீயும் வாய மூடிக்கிட்டுத்தான இருந்த?"

இருளப்பன் ஜீப் கதவைத் திறந்துவிட்டான். அவனை அறைய வேண்டும் போலிருந்தது.

"வாரேன். ஆனா இந்த அடி எங்கருந்து வந்துச்சுன்னு ராஜேஷ் மேடையில சொல்லணும். கேளு."

இருளப்பன் போன் போட்டான். சரி என்றான் ராஜேஷ். அவசரத்துக்கு எதற்கும் சரி என்பவன் அவன்.

மைதானம் நிரம்பியிருந்தது. ராஜேஷ் மைக்கைப் பிடித்தான். "இந்தப் பாட்டு, நம்ம கொடைக்கானல் மிஸ்ட்ல எனக்கு..."

சுதாராணி குச்சியை ஓங்கினாள். ஓங்கியபடியே வைத்திருந்தாள்.

அவன் பேசி முடித்து அடிக்காகக் காத்து நின்றான். அடி விழவில்லை. திரும்பிப் பார்த்தான். இருளப்பன் இரு கையையும் கம்பியில் இருந்து எடுத்துக்கொண்டான். முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பிறகு கூட்டம் மொத்தமும் அடங்கியது.

"சொல்லு," என்றாள் அவள்.

"நம்ம சுதாராணி பீட்டு இது," என்றான் மைக்கில்.

"முழுசா."

அவன் முகம் கறுத்தது. "பள்ளங்கி கேரட் கொட்டகையில, மிஷினைக் கேட்டு, சுதாராணி புடிச்ச பீட்டு. என்னுது இல்ல."

குச்சி டிரம்ஸில் விழுந்தது.

அதுவரை எங்கும் வாசிக்காத அளவுக்கு மெதுவாக வாசித்தாள். அடிக்கு அடி அவன் ஒவ்வொரு சொல்லையும் இழுத்துப் பிடித்துக் காத்திருக்க வேண்டியிருந்தது. கூட்டம் தலையாட்டியது. அவனுக்கு மூச்சு முட்டியது.

முட்டட்டும் என்றிருந்தது அவளுக்கு. அடுத்த அடியை இன்னும் தள்ளிப் போட்டாள்.